வெளிமரை: மாடலில் வெட்டுவதா, குறிப்பு மட்டும் போதுமா?

போல்ட், ஷாஃப்ட் முனை போன்றவற்றின் வெளிமரையை (வெளிப்புறத்தில் சுற்றி வரும் திருகுமரை) கேட் (CAD) மாடலில், அதாவது கணினியில் வரையும் முப்பரிமாண மாடலில், எப்படிக் காட்டுகிறீர்கள்? நேர்ந்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

என்னிடம் வந்த ஒரு அசெம்பிளியில் அத்தனை போல்ட்டிலும் ஹெலிக்ஸ் (சுருள் கோடு) போட்டு, ஸ்வீப் கட்டில் (அந்தக் கோட்டின் வழியே வெட்டும் கட்டளை) மரையை நிஜமாகவே வெட்டியிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மாடலைத் திருப்பினாலே கணினி திணறியது. டிராயிங் எடுத்தபோது இன்னும் மோசம். மரையின் ஒவ்வொரு புரியின் (ஒரு சுற்று) விளிம்பும் தனித்தனிக் கோடாக வந்து, அளவு போட இடமில்லாமல் அந்தப் பகுதியே கறுத்துவிட்டது. டிராயிங்கில் மரையைக் காட்டும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6410 கேட்பது எளிமையானது: வெளிவிட்டத்துக்குத் தடித்த கோடு, அடிவிட்டத்துக்கு மெல்லிய கோடு. முனைத் தோற்றத்தில் அந்த மெல்லிய கோடு ஏறத்தாழ முக்கால் வட்டமாக வரும். காஸ்மெடிக் திரெட் (மரையை வெட்டாமல் குறியீடாக மட்டும் காட்டுவது) போட்டால் மென்பொருளே இதை வரைந்துவிடும். எல்லாவற்றையும் அப்படி மாற்றியதும் ஃபைல் லேசானது, டிராயிங்கும் படிக்கும்படி ஆனது.

மறுமொழி:
லேத் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம். வேலை கொடுத்தவர் ஸ்டெப் ஃபைல் (வெவ்வேறு கேட் மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாறும் ஃபைல்) மட்டும் அனுப்பினார். அதில் ஷாஃப்ட் முனை 10 மி.மீ. வெறும் உருளை, ஓரத்தில் ஒரு சேம்ஃபர் (சாய்வாகச் சீவிய விளிம்பு), அவ்வளவுதான். காஸ்மெடிக் திரெட் பெரும்பாலும் ஸ்டெப்பில் வராது. சேம்ஃபரைப் பார்த்துச் சந்தேகம் வந்து போன் செய்தோம். மரை உண்டு என்றார். பிட்ச் (அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம்) 1.5 மி.மீ.-ஆ, 1.25-ஆ என்று கேட்டதும் அவரே டிராயிங்கைத் தேடப் போனார். எம்10-க்கு (10 மி.மீ. மெட்ரிக் மரை) இரண்டுமே வழக்கத்தில் உள்ளவை, ஊகித்து வெட்ட முடியாது.

அதற்காக மரையை மாடலில் வெட்டி அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்கு அது உதவாது. மரையின் வடிவத்தை டூலின் இன்சர்ட்டே (வெட்டும் முனை) கொடுத்துவிடும். புரோகிராமுக்கு பிட்ச், ஆழம், நீளம் தெரிந்தால் போதும். இன்னொன்று, எம்10×1.5 வெளிமரையின் வெளிவிட்டம் வழக்கமான டாலரன்ஸில் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 9.732 முதல் 9.968 மி.மீ. வரைதான். மாடலில் சரியாக 10.000 என்று வெட்டிய மரை அந்த எல்லைக்குள்ளேயே வராது. ஆகவே பிட்ச், டாலரன்ஸ், மரை நீளம் மூன்றும் எழுதிய டிராயிங் கூடவே வரட்டும்.

மறுமொழி:
மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் 3டி பிரிண்டருக்கு நேர் எதிர். மாடலில் இல்லாத மரை அச்சிலும் இருக்காது.

ஒரு டப்பாவுக்கு மூடி செய்தபோது ஹெலிக்ஸை முழுதாக வெட்டினேன். இடைவெளி விடாமல் அதே அளவில் அச்சிட்டால் வெளிமரையும் மூடியின் உள்மரையும் இறுகிக்கொள்ளும் என்பதால், வெளிமரையின் பக்கங்களை 0.2 மி.மீ. உள்ளே தள்ளினேன். இது என் பிரிண்டருக்குச் சரிப்பட்ட அளவு, உங்களுடையதற்கு முதலில் ஒரு துண்டு அச்சிட்டுப் பாருங்கள். மெட்ரிக் மரையின் 60 பாகைக் கோணமும் அச்சுக்கு அவ்வளவு நல்லதல்ல. செங்குத்தாக நிற்கவைத்து அச்சிடும்போது ஒவ்வொரு புரியின் கீழ்ப்பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைதான் சாய்ந்திருக்கும், அதனால் தொங்கிவிடுகிறது. கடையில் வாங்கும் நட்டுடன் சேர வேண்டியதில்லை என்றால், பக்கங்கள் 45 பாகை சாய்ந்த பெரிய பிட்ச் மரையை நீங்களே வரையுங்கள். அப்புறம், மரை தொடங்கும் இடத்தில் ஒரு சேம்ஃபர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மூடி முதல் புரியிலேயே கோணலாக ஏறும்.