விண்டோஸ் ஃபோன் 7: கைபேசி கைக்கு வரும் முன்பே செயலியை மார்க்கெட்பிளேசில் ஏற்றலாமா?

கேள்வி (2010 அக்டோபர் 14)

அனைவருக்கும் வணக்கம். கடந்த 11ஆம் தேதி நியூயார்க்கில் மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் விண்டோஸ் ஃபோன் 7 இயங்குதளம் கொண்ட கைபேசிகளை அறிமுகப்படுத்திய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஐரோப்பாவில் 21ஆம் தேதியும் அமெரிக்காவில் நவம்பர் 8ஆம் தேதியும் விற்பனை தொடங்குகிறது. நான் பல ஆண்டுகள் இதற்கு முந்தைய இயங்குதளமான விண்டோஸ் மொபைலுக்குச் செயலிகள் எழுதியவன். ஒரே படிவத்தை 240க்கு 320 திரைக்கு ஒரு முறையும், 480க்கு 640 திரைக்கு மறு முறையும் வரைந்து, அதுவும் ஸ்டைலஸ் முனையால் குத்துவதற்கேற்ற சிறு பொத்தான்களாக அமைத்துச் சலித்துப்போனவன். இப்போது எந்த நிறுவனம் தயாரித்தாலும் 480க்கு 800 புள்ளிகள் கொண்ட தொடுதிரை, 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர், குறைந்தது 256 எம்.பி. நினைவகம், பின்செல், ஸ்டார்ட், தேடல் என்னும் மூன்று பொத்தான்கள் ஆகியவை இருந்தே தீர வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருப்பது எனக்குப் பெரும் நிம்மதி. பழைய செயலிகள் இதில் இயங்கமாட்டா என்பதை அறிந்தும், என் அகராதிச் செயலியை மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான சில்வர்லைட்டில் முதல் வரியிலிருந்து மனமுவந்து மறுபடி எழுதிவிட்டேன்.

பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அகன்ற பக்கமான பனோரமா அமைப்பில் என் செயலியின் தலைப்பு திரையைவிட அகலமாக இருப்பதால், கடைசி எழுத்து வலது விளிம்பில் பாதி அறுபட்டு நிற்கிறது. முதலில் அதைப் பிழை என்றே எண்ணினேன். பிறகுதான், அந்த அறுபட்ட எழுத்தே ‘இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது’ என்று விரலை அழைக்கிறது என்பது புரிந்தது. அம்புக்குறியோ விளக்கமோ தேவைப்படாமல் எழுத்தே வழிகாட்டுகின்ற இத்தகைய அழகை நான் இதற்கு முன் எழுதிய எந்தத் தளத்திலும் கண்டதில்லை.

என் கேள்வி இதுதான். என்னிடம் கைபேசி இல்லை. கைபேசியைப் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் மட்டுமே சோதித்திருக்கிறேன். முதல் நாள் கைபேசி வாங்குபவர் மைக்ரோசாஃப்ட்டின் செயலிக் கடையான மார்க்கெட்பிளேசைத் திறக்கும்போது என் செயலி அங்கே இருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். இப்போதே அனுப்பிவிடலாமா?

மறுமொழி 1 (அக்டோபர் 15)

நண்பரே, தங்கள் ஆர்வத்தை மனமார மதிக்கிறேன். ஆயினும் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். எமுலேட்டர் தங்கள் மேசைக் கணினியின் ப்ராசசரிலும் கிராஃபிக்ஸ் அட்டையிலும் இயங்குவதால், அதில் தெரியும் வேகத்தைக் கொண்டு கைபேசியின் வேகத்தைக் கணிக்க இயலாது. முதல் திரை 5 விநாடிக்குள் தோன்ற வேண்டும், 20 விநாடிக்குள் செயலி தொடுதலுக்கு இணங்க வேண்டும் என்பது, செயலியைக் கடையில் ஏற்றும் முன் மைக்ரோசாஃப்ட் சோதித்து ஒப்புதல் தரும் சான்றளிப்பின் விதி. அகராதி என்றால் சொற்பட்டியலைத் தொடக்கத்திலேயே ஏற்றுகிறீர்களா? இந்தப் பதிப்பில் செயலிகளுக்கான உள்ளகத் தரவுத்தளம் கிடையாது என்பதால், ஒரே பெரிய எக்ஸ்.எம்.எல். கோப்பாகத்தான் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கேதான் எனக்கு அச்சம். மெதுவாகத் திறக்கும் செயலிக்கு முதல் வாரத்தில் கிடைக்கும் ஒற்றை நட்சத்திரத்தை அடுத்த பதிப்பால் எளிதில் அழித்துவிட முடியாது.

மறுமொழி 2 (அக்டோபர் 15)

நான் இதில் சற்று மாறுபடுகிறேன். கடையில் செயலிகள் குறைவாக இருக்கும் இந்தத் தொடக்க நாட்களில் கிடைக்கும் கவனம் பிறகு எளிதில் கிடைக்காது. கைபேசி இல்லாமலே சோதிக்கக்கூடியவற்றை முழுமையாகச் சோதித்துவிட்டு அனுப்பலாம் என்பது என் கருத்து.

அவற்றுள் முதன்மையானது டூம்ஸ்டோனிங், அதாவது பயனர் விலகியதும் செயலியை முடித்துவைத்து, திரும்பும்போது மீண்டும் எழுப்பும் முறை. பயனர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் தங்கள் செயலி பின்னணியில் காத்திருப்பதில்லை, அது முடித்துவைக்கப்படுகிறது. பயனர் விலகுவதைச் செயலிக்கு அறிவிக்கும் டீஆக்டிவேட்டட் நிகழ்வில் தங்களுக்குக் கிடைக்கும் 10 விநாடிக்குள், எந்தச் சொல்லைப் பயனர் படித்துக்கொண்டிருந்தார், தேடல் பெட்டியில் என்ன பாதி தட்டியிருந்தார், பட்டியல் எந்த இடம்வரை நகர்ந்திருந்தது என்பவற்றையெல்லாம் சேமித்துவிட வேண்டும். அவர் பின்செல் பொத்தானை அழுத்தித் திரும்பும்போது செயலி புதிதாகவே எழுப்பப்படுகிறது என்றாலும், விட்ட இடம் விட்டபடியே அவருக்குத் தெரிய வேண்டும். எமுலேட்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்டார்ட், பின்செல் என்று மாறி மாறி அழுத்திப் பாருங்கள். நான் என் செயலியில் அப்படிச் செய்தபோது, பாதி தட்டிய சொல் மறைந்துபோவதைக் கண்டுபிடித்தேன்.

மறுமொழி 3 (அக்டோபர் 23)

விற்பனை தொடங்கிய 21ஆம் தேதியே ஒரு கைபேசி வாங்கிவிட்டேன். பதிவு செய்த நிரலாளர் தம் பெயரில் 3 கைபேசிகள்வரை, கடைக்கு வராத செயலிகளையும் நிறுவும்படி திறந்துகொள்ளலாம் என்பதால், கேள்வி கேட்டவர் தனிமடலில் அனுப்பிய எக்ஸ்.ஏ.பி. என்னும் செயலிக் கோப்பை நேற்று அதில் நிறுவிச் சோதித்தேன்.

பார்க்க மிக அழகாக இருக்கிறது. பக்கங்கள் புரளும் அசைவு வெண்ணெய் போல வழுக்குகிறது. ஆனால் முதல் திரை தோன்ற 9 விநாடி ஆயிற்று. சொற்பட்டியலை விரலால் வேகமாகத் தள்ளினால் திக்கித் திக்கி நகர்கிறது. அசைவுகள் தனி இழையில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடரில்) வரையப்படுவதால் அவற்றில் குறை தெரிவதில்லை. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் கட்டமைப்பது மட்டும் முதன்மை இழையின் வேலை. ஒரே வரியில் சொல், அதன் இலக்கண வகை, பொருள், சிறு படம் என்று நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். சொல்லையும் ஒரு வரிப் பொருளையும் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர் (அக்டோபர் 26)

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மறுமொழி 1 ஊகித்தது சரியே. 40,000 சொற்களும் ஒரே கோப்பில் இருந்தன. இப்போது முதலெழுத்து வாரியாகப் பிரித்து, பயனர் தட்டும் எழுத்துக்குரிய கோப்பை மட்டும் ஏற்றுகிறேன். பட்டியலிலிருந்து படத்தையும் இலக்கண வகையையும் நீக்கிச் சொல்லின் தனிப்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். திருத்திய கோப்பை மறுமொழி 3 எழுதியவர் மீண்டும் நிறுவிப் பார்த்தார். முதல் திரை 2 விநாடியில் வந்துவிடுகிறது, பட்டியலும் திக்காமல் ஓடுகிறது. பாதி தட்டிய சொல் மறையும் அதே பிழை என் நிரலிலும் இருந்தது, அதையும் சரிசெய்துவிட்டேன்.

ஐரோப்பிய வெளியீட்டை நான் தவறவிட்டது உண்மைதான்; ஆனால் 14ஆம் தேதியே அனுப்பியிருந்தால் அந்த 9 விநாடிச் செயலியைத்தான் வாங்கியவர்கள் திறந்திருப்பார்கள். நேற்று இரவு செயலியைச் சான்றளிப்புக்கு அனுப்பிவிட்டேன். வாங்கும் முன் முயன்று பார்க்கும் வசதியையும் சேர்த்திருக்கிறேன். முயற்சிப் பதிப்பில் எல்லாச் சொற்களும் திறந்திருக்கும், குறித்துவைக்கும் வசதி மட்டும் இராது. நவம்பர் 8க்குள் சான்று கிடைக்குமா என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.