கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ்’ சிதறுகிறது: அலைன்மென்டா, ஊசியா?

ஊசிமுனை:
டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 ரிக்கார்டு பிளேயர், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி), ஊசி அழுத்தம் 2 கிராம். முதல் மூன்று பாட்டு சுத்தம். லேபிளை நெருங்க நெருங்க ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் மணல் தேய்க்கிற மாதிரி கரகரப்பு, வலது சேனலில் அதிகம். பேர்வால்ட் புரொட்ராக்டரை (கார்ட்ரிட்ஜின் கோணத்தை, அதாவது அலைன்மென்டை, சரிபார்க்கும் அளவுத்தாள்) பிரிண்ட் எடுத்துத்தான் பொருத்தியிருக்கேன். ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) மாற்றினால் சரியாகுமா?

சுழல்மேடை:
ப்ரீஆம்புக்குக் காசைக் கரைக்காதீங்க. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுது, உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் வெறும் 21 செ.மீ. அதே ‘ஸ’ பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கு. சின்னக் கோணப் பிழைகூட அங்கே பல்லிளிச்சிடும்.

முதல்ல அந்தத் தாளை ஸ்டீல் ஸ்கேலால் அளங்க. ஸ்பிண்டில் (ரிக்கார்டின் ஓட்டையில் நுழையும் நடுக்கம்பி) நடுவிலிருந்து, கோணப் பிழை பூஜ்யமாகும் ரெண்டு புள்ளியும் 66, 120.9 மி.மீ.யில் இருக்கணும். பிரிண்டர் தாளுக்குள் அடக்குறேன்னு 97 சதவீதமாச் சுருக்கியிருந்தா 66 என்பது 64 ஆகிடும். அதை நம்பி எவ்வளவு திருகினாலும் வீண்தான். பேர்வால்டில் இந்த ஆர்முக்கு கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் (ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் தகடு) லேசா உள்பக்கம் திரும்பித்தான் நிற்கும், பயப்பட வேண்டாம். கார்ட்ரிட்ஜ் உடம்பைப் பார்க்காதீங்க, கேன்டிலீவரை (ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) பார்த்து நேராக்குங்க.

அலுத்துப்போனா டெக்னிக்ஸின் சொந்த அளவுக்கே போயிடுங்க: ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல் ரப்பர் வளையம் வரை 52 மி.மீ. உள் புள்ளி 59 மி.மீ. பக்கத்தில் விழுறதால கடைசிப் பாட்டுக்கு அதுதான் சாதகம்.

கிராம்கணக்கு:
வலது சேனல்னு சொன்னதுதான் துப்பு. ஆர்ம் உள்ளே இழுக்கப்படும்போது ஊசி உள்சுவரில், அதாவது இடது சேனலில், சாயும். வலது சுவரில் பிடி விடும். அந்த உள்ளிழுப்பை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட் டயல் 0-வில் கிடக்குதா பாருங்க. 2-ல் வெச்சுத் தொடங்கி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற வரை கால் காலா ஏத்துங்க.

ஊசி அழுத்த டயலை நம்பாம டிஜிட்டல் தராசில் அழுத்தத்தைச் சரிபாருங்க. தராசில் இரும்புப் பாகம் இருந்தா கார்ட்ரிட்ஜ் காந்தம் அதை இழுத்து அளவு தப்பாக் காட்டலாம். ரிக்கார்டு உயரத்தில் வெச்சு அளக்கணும் என்பதும் முக்கியம். இந்த ஊசிக்கு வரம்பு 1.8 முதல் 2.2 கிராம்; கரகரப்புக்குப் பயந்து குறைக்காதீங்க, குறைச்சா இன்னும் மோசமாகும்.

பழைய தட்டு:
இதெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி, புதுசா வாங்கின ஒரு எல்பியின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்க. அது சுத்தமா ஓடினா குற்றம் தட்டில். செராமிக் கார்ட்ரிட்ஜ் பெட்டிப் பிளேயரில் 5 கிராம் அழுத்தத்தில் வருஷக்கணக்கா ஓடின பழைய தட்டில் பள்ளச் சுவரே சிதைஞ்சிருக்கும். கழுவினா தூசிதான் போகும்.

ப்ரீஆம்பில் ஒண்ணே ஒண்ணு பார்க்கலாம்: கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்). கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து 100–200 பிகோஃபாரடுக்குள் இருக்கணும். கூடினா மேல் அதிர்வெண்ணில் மேடு எழும்பி ‘ஸ’ இன்னும் உறுத்தும். நீளமான கேபிள் போட்டிருந்தா முதல்ல அதைக் குறைங்க.

சுழல்மேடை:
அதுக்கும் மசியலைன்னா விஎம்என்95எம்எல் ஊசி மட்டும் வாங்குங்க. அதே உடம்பில் இழுத்து மாட்டிடலாம், ஸ்க்ரூ தொட வேண்டாம். அதன் மைக்ரோலைன் முனை (ஓரம் ரொம்ப மெல்லிசாத் தீட்டினது) நெருக்கமான அலைகளுக்குள்ளும் இறங்கும். மாட்டினதும் அலைன்மென்டை (டெக்னிக்ஸ் அளவில் வெச்சிருந்தா அந்த 52 மி.மீ.யை) மறுபடி அளந்துடுங்க.