புதுப்பிப்பு: தெமோதரை வளைவை எஞ்சின் ஏறிவிட்டது

இலங்கை மலைநாட்டில் பாதை சுற்றி வளைந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே போகும் இடம் தெமோதரை வளைவு. வீட்டில் செய்த அதன் மாதிரி ரயில் பாதையில், நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின் மாதிரி சறுக்கி நிற்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரி! ஹட்டன் அண்ணா ஒருவர் சொன்னபடி எடை கூடிச் சக்கரம் பிடிக்க, எஞ்சினின் கொதிகலன் கூட்டுக்குள் 40 கிராம் ஈயம் வைத்தேன். சக்கரங்களில் அப்பியிருந்த கறுப்புப் பிசுக்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஐந்து பெட்டிகளோடு சுற்றி மேலே நிலையத்துக்கு வந்து நின்றபோது கைதட்டிவிட்டேன்.

தண்டவாள அகலம் பற்றிக் கேட்டவருக்கு: நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். என் மாதிரியின் 1:76 அளவில் (நிஜத்தில் 76இல் ஒரு பங்கு) 22 மில்லிமீட்டர் வரவேண்டும், என்னுடையது 16.5தான். அதை மாற்றப் போவதில்லை.

அப்புறம், தேத்தண்ணீர் வடித்த சக்கையைக் காயவைத்துப் பாதையோரம் தூவினேன். பண்டாரவளை மண் அப்படியே வந்துவிட்டது.