'ட்ரெயின்ஸ் டு பிரைட்டன்' சரி, 'பீப்பிள் டு விண்ட்சர்' ஏன் சரியில்லை?

பயணத்தாள் கேட்டது:

வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். லண்டன் போகிறவர்களுக்கு நாள்வாரியாகப் பயணத் திட்டத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் மேலாளர் சிவப்பு மையால் அடிப்பது பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான்: 'கோயிங்'. 'ட்ரெயின்ஸ் கோயிங் டு பிரைட்டன்' என்றால் நடுவில் இருப்பதைத் தூக்கிவிட்டு 'ட்ரெயின்ஸ் டு பிரைட்டன்' ஆக்கிவிடுவார். மான்யுமென்ட் தூணின் 311 படிகளைப் பற்றி 'த ஸ்டெப்ஸ் கோயிங் அப் டு த டாப்' என்று எழுதினேன், அதிலும் வெட்டு. 'ஃபெரீஸ் கோயிங் அக்ராஸ் த சானல்', அதற்கும் அதே கதி.

சரி, எடுத்துவிட்டே எழுதுவோம் என்று 'பீப்பிள் டு விண்ட்சர் ஷுட் சேஞ்ச் அட் ஸ்லௌ' என்று கொடுத்தேன். இப்போது அவரே 'கோயிங்' சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார்! ஏன் என்றால் "காதுக்கு ஒத்து வரலைம்மா" என்கிறார். அவர் காது இங்கிலாந்தில் ஆறு வருஷம் இருந்த காது. என்னுடையது திருச்சியைத் தாண்டாதது. எந்தப் பன்மைச் சொல்லுக்குப் பின்னால் 'டு', 'இன்டு', 'அப்', 'அக்ராஸ்' எல்லாம் நேராக ஒட்டும், எதற்கு ஒட்டாது? காது இல்லாதவளுக்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

கரும்பலகை (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்) பதில்:

நல்ல கேள்வி அம்மா. பள்ளி இலக்கணப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பாடம் கிடையாது.

முதலில் ஒன்று: 'கோயிங்' போட்டது இலக்கணப் பிழை இல்லை. வேலையில்லாத ஆள் நடுவில் நிற்கிறான், அவ்வளவுதான். தமிழில் ஏறு, இறங்கு, நுழை, கட என்று திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'மேலே ஏறும் படிகள்' என்று வினையோடு சொல்லத்தான் நமக்கு வருகிறது. ஆங்கிலத்தில் 'கோ'வுக்குத் தனியாகத் திசை கிடையாது. திசையைச் சொல்வது 'அப்', 'டவுன்', 'இன்டு', 'அக்ராஸ்' ஆகிய குட்டிச் சொற்கள். 'கோ'வை எடுத்துவிட்டாலும் அர்த்தம் கெடுவதில்லை. மொழியியலாளர் லெனார்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில்தான் இரண்டாகப் பிரித்தார்: பாதையை வினையில் வைப்பவை, வினைக்கு வெளியே வைப்பவை. ஆங்கிலம் இரண்டாவது வகை.

ஆனால் எல்லாப் பெயர்ச்சொல்லோடும் அப்படி ஒட்டாது. அந்தப் பெயருக்குள் ஒரு பாதை இருக்க வேண்டும். ட்ரெயின்ஸ், பஸ்ஸஸ், ஃப்ளைட்ஸ், ஃபெரீஸ் எல்லாம் இங்கிருந்து அங்கே என்று ஓடுவதற்கென்றே இருப்பவை. ரோட்ஸ், ஸ்டெயர்ஸ், டனல்ஸ், பிரிட்ஜஸ் ஓடாது, ஆனால் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடியும். டிக்கெட்ஸ், லெட்டர்ஸ், கால்ஸ், ட்ரிப்ஸ் போன்றவற்றுக்கும் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. பீப்பிள் அப்படியா? மனிதர் பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், விண்ட்சர் போகிறார் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். அங்கே 'கோயிங்' தேவை. அதே மனிதரை 'விசிட்டர்ஸ்' ஆக்கிப் பாருங்கள், 'விசிட்டர்ஸ் டு விண்ட்சர்' கச்சிதமாக நிற்கும். 'விசிட்' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறதே!

'ஃப்ரம்' மட்டும் யாரோடும் சேர்ந்துகொள்ளும், ஆனால் அர்த்தம் மாறிவிடும். 'பீப்பிள் ஃப்ரம் விண்ட்சர்' என்றால் விண்ட்சரிலிருந்து வந்துகொண்டிருப்பவர்கள் என்று யாரும் படிக்க மாட்டார்கள். விண்ட்சர்க்காரர்கள் என்றுதான் படிப்பார்கள். 'ட்ரெயின்ஸ் ஃப்ரம் விண்ட்சர்' என்றால் அங்கிருந்து புறப்பட்டு வரும் வண்டிகள்.

எனக்குப் பிடித்தது படிக்கட்டுதான். லண்டன் கவென்ட் கார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் 193 படிகள். மேலே நிற்பவருக்கு அது 'ஸ்டெயர்ஸ் டவுன் டு த பிளாட்ஃபார்ம்'. கீழே வண்டியை விட்டு இறங்கியவருக்கு அதே படிகள் 'ஸ்டெயர்ஸ் அப் டு த ஸ்ட்ரீட்'. படி ஓரங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்தது பார்க்கிறவரின் கண். இதற்கும் டால்மி ஒரு பெயர் வைத்திருக்கிறார்: 'ஃபிக்டிவ் மோஷன்', அதாவது கற்பனை அசைவு. ஆகவே நீங்கள் எழுதும்போது உங்கள் சுற்றுலாப் பயணி எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு 'அப்', 'டவுன்' போடுங்கள்.

அடிக்குறிப்பு பதில்:

மொழிபெயர்ப்பு வேலையில் நான் அடிக்கடி திருத்துவது இன்னொன்று. 'விசிட்ஸ் டு லண்டன்' சரி, 'வீ விசிட்டட் டு லண்டன்' தப்பு. பெயராக இருக்கும்போது 'டு' வேண்டும், வினையாகும்போது வேண்டாம். 'என்ட்ரன்ஸஸ் டு த பார்க்' சரி, 'என்டர் டு த பார்க்' கூடாது. 'அப்ரோச்சஸ் டு த பிரிட்ஜ்' சரி, 'அப்ரோச் டு த பிரிட்ஜ்' என்று வினையாக எழுதக் கூடாது.

அப்புறம், 'ஃப்ளைட்ஸ் டு அப்ராட்' என்று நம்மூர் விளம்பரங்களில் கண்ணில் படும். 'ஃப்ளைட்ஸ் அப்ராட்' போதும். 'ஜர்னீஸ் ஹோம்' என்பதும் அப்படித்தான். 'அப்ராட்', 'ஹோம்' இரண்டும் திசையைத் தாமே சொல்லிவிடுகின்றன.

கரும்பலகை ஐயாவுக்கு ஒரு சின்ன மறுப்பு. தமிழில் வினை கட்டாயம் என்றில்லை. "மதுரைக்கு வண்டி எத்தனை மணிக்கு?" என்று பேருந்து நிலையத்தில் தினமும் கேட்கிறோமே, அதில் 'போகும்' எங்கே இருக்கிறது?

பயணத்தாள்:

அட, ஆமாம்! ரெண்டு பேருக்கும் நன்றி. ஐயா, இன்னொரு சந்தேகம். 'த ரோட் டு த பீச்சஸ்' என்று எழுதினால் அடுத்து 'இஸ்'ஸா, 'ஆர்'ஆ? 'பீச்சஸ்' பக்கத்திலேயே இருப்பதால் கை தானாக 'ஆர்' அடிக்கிறது.

கரும்பலகை:

'இஸ்'. வினைக்கு எஜமான் ரோடுதான். 'டு' தொடங்கி வருவதெல்லாம் அதன் வால். 'த ஸ்டெயர்ஸ் டு த ரூஃப்' என்றால் 'ஆர்', ரூஃப் ஒருமையாக இருந்தாலும்.

உங்கள் கை மட்டும் அப்படிப் போகவில்லை, ஆங்கிலேயர் வாயும் அப்படித்தான் போகும். 1991இல் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். 'த கீ டு த கேபினட்ஸ்' போன்ற தொடக்கத்தைக் கொடுத்து மீதியைச் சொல்லச் சொன்னால், ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் அவ்வப்போது பன்மை வினைக்குத் தாவிவிடுகிறார்கள். சுவாரசியம் என்னவென்றால், திருப்பிப் போட்டு 'த கீஸ் டு த கேபினட்' என்று கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் அபூர்வம். பக்கத்தில் இருக்கும் பன்மைதான் வினையை இழுக்கிறது, ஒருமைக்கு அந்த பலம் இல்லை. ஆகவே ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடியும் தொடர்களை மட்டும் இரண்டாம் முறை பாருங்கள்.

பழைய_கார்டு பதில்:

ரயில்வேயில் இருந்தவன், இப்போது மகள் வீட்டில் லண்டன் பக்கம் இருக்கிறேன். இலக்கணம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வாக்கியத்தை நான் சரிசெய்து தருகிறேன்: 'பாசஞ்சர்ஸ் ஃபார் விண்ட்சர் ஷுட் சேஞ்ச் அட் ஸ்லௌ'. இங்கே ரயில்களில் 'சேஞ்ச் ஹியர் ஃபார் விண்ட்சர்' என்றுதான் சொல்வார்கள். ஆள் எங்கே போகப் பார்க்கிறார் என்பதற்கு 'ஃபார்'. 'கோயிங்'கும் வேண்டாம், 'பீப்பிள்'உம் வேண்டாம்.

'அப்', 'டவுன்' பற்றி ஒன்று. ரயில்காரன் வாயில் அதற்கும் மலை, பள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த நாட்டில் பொதுவாக லண்டனை நோக்கி வருவது 'அப்', விட்டுப் போவது 'டவுன்'. வடக்கே எடின்பரோவிலிருந்து தெற்கே வந்தாலும் அது 'அப் ட்ரெயின்'தான். நம் ரயில்வேயில் புழங்கிய அப், டவுன் வண்டிகளும் இவர்கள் பழக்கிவிட்டதுதான். சுற்றுலாக்காரர்களுக்கு எழுதும் தாளில் இதை எடுத்துவர வேண்டாம், குழம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, இது இலக்கணம் இல்லை. ஸ்லௌவில் மாறுவது லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து வருபவர்களுக்குத்தான். வாட்டர்லூவிலிருந்து விண்ட்சர் அண்ட் ஈட்டன் ரிவர்சைடுக்கு நேர் வண்டியே இருக்கிறது. உங்கள் ஆட்கள் வயதானவர்கள், கையில் பெட்டி வேறு என்றால் அதில் ஏற்றிவிடுங்கள் அம்மா.

பயணத்தாள்:

பாடிங்டன் பக்கம்தான் விடுதி எடுத்திருக்கிறோம் சார், அதனால் ஸ்லௌவே இருக்கட்டும். 'பாசஞ்சர்ஸ் ஃபார்' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். சிவப்பு மை எதுவும் வரவில்லை.