#! குறிக்கு ‘ஷெபேங்’ என்ற பெயர் எதிலிருந்து வந்தது?

நொய்யல்கரை:
சூலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லினக்ஸ் பாடம் எடுக்கிறேன். ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைக் கோப்பின் முதல் வரியைத் தொடங்கிவைக்கும் #! குறிக்கு ஷெபேங் என்ற பெயர், ‘ஷெல்’ (நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்), ‘பேங்’ (! குறியின் பெயர்) இரண்டும் ஒட்டிப் பிறந்தது என்பதே என் கட்சி. பின்பாதியில் தகராறே இல்லை. 1980களில் யூயூசிபி என்ற பழைய கணினி அஞ்சல் முறையின் முகவரிகளில் கணினிப் பெயர்களுக்கு நடுவே ‘!’ குறி இட்டு எழுதியதை ‘பேங் பாத்’ என்றுதான் சொன்னார்கள். முன்பாதிக்கு, கணினியாளர் கொச்சைச் சொற்களின் அகராதியான ஜார்கன் ஃபைல் ‘ஷெல் பேங்’ என்றே தருகிறது.

பவானிக்காரி:
அண்ணா, ஜார்கன் ஃபைல் அதை ‘அநேகமாக’ என்ற சொல்லோடு தருகிறது. அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். என் கணக்கில் இது ‘ஷார்ப்’, ‘பேங்’. கண்ணுக்குத் தெரியும் இரண்டு குறிகளின் பெயர்களே ஒட்டிக்கொண்டன. அந்த வரியைப் படிப்பதும் ஷெல் அல்ல: கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 35, 33 (#, ! குறிகளின் எண்கள்) என்று இருந்தால், அடுத்து வரும் பாதையிலுள்ள நிரல் ஷெல்லோ பெர்லோ எதுவானாலும், இயங்குதளத்தின் கருவான கெர்னலே அதை எடுத்து இயக்குகிறது. 1980 ஜனவரியில், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி இந்த மாற்றத்தை அறிவித்தபோது, அதுவரை பெரும்பாலும் ஷெல் செய்துவந்த வேலை கெர்னலுக்குள் வருவதாகத்தான் எழுதினார். ஷெல்லிடமிருந்து வாங்கிய வேலைக்கு ஷெல்லின் பெயரையே சூட்டுவார்களா?

நொய்யல்கரை:
பெயர் சூட்டியவர்கள் கெர்னலைப் பிரித்துப் பார்த்துச் சூட்டவில்லை, அம்மணி. அவர்கள் நாள்தோறும் எழுதியவை ஷெல் ஸ்கிரிப்ட்டுகள். # குறியை ஷார்ப் என்பது சி ஷார்ப் படித்த பிள்ளைகளின் பழக்கம். அந்த மொழி வந்ததே 2000இல்தான்.

பவானிக்காரி:
சி ஷார்ப்பே மேலை இசைக்குறியிலிருந்து பெயர் எடுத்தது, அண்ணா. அந்தப் பழக்கம் கணினிக்கு முந்தியது.

ஈரோட்டான்:
இருவரும் ரிச்சியின் பிந்தைய பதிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் குறிக்குச் செல்லப்பெயர் எதையும் தாம் வழங்கியதாக நினைவில்லை, ‘ஹேஷ் பேங்’ (ஹேஷ் என்பது # குறியின் இன்னொரு பெயர்) போல ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆனால் அதில் பிரிட்டிஷ் வாடை அடிக்கிறது என்று அவர் எழுதினார். ஆகவே ஷெபேங் என்பது அவர் வைத்த பெயர் அல்ல; பிற்பாடு புழக்கத்தில் வந்தது. அமெரிக்கப் பேச்சில் 1860களிலிருந்தே ‘ஷெபேங்’ என்ற சொல் உண்டு. ‘முழு ஷெபேங்கும்’ என்றால் அத்தனையும் என்று பொருள். ஷெல்லின் ‘ல்’, ஷார்ப்பின் ‘ர்ப்’ எங்கே போயின என்பதற்கு உங்கள் இருவரிடமும் விடை இல்லை. நாக்கில் ஏற்கெனவே பழகிய சொல் அவற்றை விழுங்கியது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நொய்யல்கரை:
அப்படியானால் அந்தச் சொல்லுக்கு மிக அருகில் நின்றது எது என்று பாருங்கள். ஷெல் பேங் ஒரேயொரு மெய்யை இழந்தால் போதும். ஷார்ப் பேங் உயிரையும் மாற்ற வேண்டும், இரண்டு மெய்களையும் இழக்க வேண்டும்.

பவானிக்காரி:
எழுத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்கர்கள் அதை ‘ஷிபேங்’ என்று பின்னசையை அழுத்தி உச்சரிக்கிறார்கள். அழுத்தமில்லாத முன்னசையில் ‘ஷா’வும் ‘ஷெ’வும் ஒன்றுபோலவே தேய்ந்துவிடும். ‘ஷாபேங்’ என்று எழுதி, ஷார்ப், பேங் என்றே பிரித்துக் காட்டும், பாஷ் என்ற ஷெல்லுக்கான வழிகாட்டியும் இருக்கிறது, அண்ணா.