அம்பாசடர் மேனிஃபோல்டு பேக்கிங் நிற்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 1972 மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுவரும் இன்டேக், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் பேக்கிங் இரண்டு மாதத்தில் இரண்டு போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் பக்கம் 'டப் டப்', சூடானதும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. இன்டேக் ஓரமாகக் கார்புரேட்டர் கிளீனர் அடித்ததும் சத்தம் மாறியது, ஆக அங்கேயும் காற்று இழுக்கிறது.

இந்த இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம்தானே, நடு ஸ்டட்களில் (ஹெட்டில் பதிந்திருக்கும் மரையாணிகள்) ஒரே வாஷர்தான் இரண்டையும் அமுக்குகிறது. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் விளிம்பு இன்டேக் விளிம்பைவிட ஒரு நூல் மெலிந்திருக்கிறது. வாஷர் சாய்ந்து உட்கார்ந்த தடம் பளபளவென்று தெரிகிறது. மெக்கானிக்கோ "இன்னும் டைட் வைங்க" என்கிறார். ஸ்டட் முறிந்தால் யார் எடுப்பது?

இரண்டையும் சேர்த்து லேத் பட்டறையில் ஃபேஸிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) போடலாமா, ஒரு பக்கம் தடிமன் கூடிய, படி வைத்த வாஷர் போதுமா? அப்புறம், சைலன்சர் பைப்பைக் கியர்பாக்ஸ் பக்கம் தாங்கும் கிளாம்பே இல்லை. பைப்பின் பாரம் முழுக்க மேனிஃபோல்டில் தொங்குவதும் காரணமாக இருக்குமோ? இதே வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். படம் கீழே போட்டிருக்கிறேன்.