கன்செஷன்: சலுகையா, குத்தகையா?

மதுரை, கல்லூரி விரிவுரையாளர்

அன்புள்ள கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம். பொது நிர்வாகவியல் மூன்றாமாண்டுப் பாடக்குறிப்பு வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அரசு–தனியார் பங்கேற்பு என்ற அலகில் ‘கன்செஷன்’ (concession) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நான்கு நாளாக நிற்கிறேன். அரசு தான் செய்ய வேண்டிய சாலையையோ குடிநீர்த் திட்டத்தையோ ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. நிறுவனம் தன் பொறுப்பில் முதல் திரட்டிக் கட்டி, குறித்த ஆண்டுகள் இயக்கி, பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கிப் போட்ட முதலை எடுத்துக்கொண்டு, காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் அரசிடமே திருப்பித் தர வேண்டும். இதைச் ‘சலுகை ஒப்பந்தம்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. சென்ற ஆண்டு நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டேன். “மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கட்டணத்தைக் குறைப்பதற்காக அரசு ஒரு நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்” என்று ஒரு மாணவி தேர்வில் விடை எழுதியிருந்தார். அவருக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் சொல் எதைச் சொன்னதோ அதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சலுகை என்ற சொல்லுக்குள் தயவும் ஒருபக்கச் சாய்வும் இருக்கின்றன. கன்னடத்தில் ‘சலிகெ’ என்றால் நெருங்கிப் பழகும் உரிமை. ஆகவே ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இங்கே யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியர் பிரித்தது இதற்குத்தான்: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. நிறுவனம் அரசிடம் ‘ஈ’ என்று கேட்டால் அது சலுகை. ‘கொடு’ என்று கேட்டால் நாட்டுக்குக் கேடு. ஒப்பந்தம் என்றால் ‘தா’ என்றே இருக்க வேண்டும். அந்த வேரிலிருந்து ‘தரவுரிமை’ என்று ஆக்கலாம் என்றால், தரவு என்ற சொல்லைக் கணினித்துறையினர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனவே போட்ட முதலை ஈட்டிக்கொள்ளும் உரிமை என்ற பொருளில் ‘ஈட்டுரிமை’ என்பதை முன்வைக்கிறேன்.

சென்னை, உள்ளாட்சித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

ஊரில் வழங்கும் சொல் இருக்கும்போது புதிய சொல் எதற்கு? ஏரி மீன், சாலையோரப் புளியமரம், பேருந்து நிலையக் கழிப்பறை, வாரச்சந்தை என்று உள்ளாட்சி எதைக் காலம் குறித்து ஏலத்தில் விட்டாலும் அதற்குக் குத்தகை என்றுதான் பெயர். நான் தணிக்கைக்குப் போன ஒரு சந்தையில், ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு, மாட்டு வண்டிக்கு இவ்வளவு என்று பேரூராட்சி எழுதி வைத்த தகரப் பலகை, தேநீர்க் கடைக்குப் பின்னால் முகம் கவிழ்ந்து கிடந்தது. குத்தகைக்காரரின் ஆள் தான் நினைத்த தொகையைச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுங்கச்சாவடியில் இன்று மக்கள் எந்தக் கேள்விகளைக் கேட்கிறார்களோ, கட்டணத்தை யார் நிர்ணயித்தார், எத்தனை நாளுக்கு, மிச்சம் எவ்வளவு என்று, அந்தக் கேள்விகள் அத்தனையும் குத்தகை என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

கோவை, மென்பொருள் தமிழாக்கக் குழு

குத்தகையில் இருக்கும் பொருளை எடுத்து ஆள்கிறார்கள். கன்செஷனில் இல்லாத பொருளைக் கட்டி ஆள்கிறார்கள். இரண்டும் ஒன்றாகா. மேலும், கன்னடத்திலும் ‘குத்திகெ’ இருப்பதால், குத்தகையின் பிறப்பை ஆராயாமல் அதை ஏற்கக் கூடாது. சுங்கத்துக்கு ‘உல்கு’ என்ற நல்ல பழந்தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு. ‘உல்கு பொருளும்’ என்கிறது குறள் 756. ‘உல்குடைப் பெருவழிக் கவலை காக்கும்’ என்று வில்வீரர் காவல் நிற்கும் சுங்கச் சாலையையே பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ‘உல்குரிமை’ என்று வைத்தால் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும்.

திருச்சி

உல்கு, சுங்கம் இரண்டையுமே வடமொழிச் ‘சுல்க’த்தோடு இணைப்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. நாற்பது ஆண்டு வகுப்பில் இருந்த நான் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்கத் துணியேன். இரு மொழியில் இருப்பதாலேயே குத்தகையை விலக்குவதென்றால், திராவிட மொழிகளின் பொதுச் சொற்கள் அனைத்தையும் நாம் இழக்க நேரிடும்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் பணி

உல்குரிமை சாலைக்குப் பொருந்தலாம், எங்கள் ஊர்க் குழாய்க்குப் பொருந்தாது. இந்தியாவில் தண்ணீருக்காகப் போடப்பட்ட முதல் பெரிய கன்செஷன் எங்களுடையது: 30 ஆண்டு ஒப்பந்தம், பவானிக்கு அருகே காவிரியில் எடுத்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். வீடுகளைவிடப் பல மடங்கு கட்டணத்தைச் சாயப்பட்டறைகள் கொடுத்தன. அந்த வருவாயை நம்பித்தான் வீடுகளுக்கும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் விலை குறைத்து வைக்க முடிந்தது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது, தண்ணீரை வாங்க ஆளில்லாமல் கணக்கு முழுவதும் சரிந்தது. தீர்ப்பில் தவறு காண நான் வரவில்லை, ஆற்றின் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பும் அரசு, நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதும் அரசு, பட்டறையை மூடி முத்திரை வைக்க வேண்டியதும் அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சந்தைக் குத்தகையில் இப்படி ஒருவரே மூன்று இடத்தில் நிற்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் சொல், மாணவரை இந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

புதுதில்லி, சட்ட மொழிபெயர்ப்பாளர்

ஈட்டுரிமை பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று புணர்ச்சி. ஆடு ஆட்டுக்கால் ஆவதுபோல ‘ஈடு’ என்பதும் டகரம் இரட்டித்து ‘ஈட்டுரிமை’ ஆகும். கடனுக்கு ஈடாக வைத்த சொத்தின் மீதான உரிமை என்று வங்கி வழக்குரைஞர் படிப்பார், அவர் படிப்பது இலக்கணப்படி சரியாகவும் இருக்கும். கன்செஷன் ஆவணங்களில் கடன் கொடுத்தோரின் ஈடு பற்றித் தனி அத்தியாயமே வருவதால் இக்குழப்பம் சிறியதன்று.

இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். ஈட்டுரிமை வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம். ஈட்டிய, ஈட்டுகின்ற, ஈட்டும் என்று மூன்று காலத்துக்கும் அது விரியும். கன்செஷனின் உயிரோ காலவரையறை. டெல்லி–நொய்டா நேரடி மேம்பாலச் சாலையைப் பாருங்கள். 9.2 கிலோமீட்டர், 1997-இல் ஒப்பந்தம், 2001-இல் திறப்பு. 30 ஆண்டு என்று எழுதியிருந்தாலும், மொத்தச் செலவோடு ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயமும் கைக்கு வரும்வரை காலம் நீளும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஓராண்டில் வரவு குறைந்தால் அந்தக் குறை செலவுக் கணக்கில் ஏறும். ஏறிய தொகைக்கும் மறு ஆண்டு 20 விழுக்காடு கூடும். வண்டிகள் கட்டணம் செலுத்திக்கொண்டே இருக்க, வர வேண்டிய பாக்கி வளர்ந்துகொண்டே போனது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காலத்தை மறைத்து வைத்த ஒப்பந்தம் என்ன செய்யும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, காலத்தை மறைக்கும் தொகைச்சொல்லால் அதற்குப் பெயரிட எனக்கு உடன்பாடில்லை. ‘காலவரை உரிமை’ என்று விரித்தே சொல்லலாம்.

யாழ்ப்பாணம், செய்தி ஆசிரியர்

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீன நிறுவனத்தோடு 112 கோடி டொலருக்குக் கையெழுத்தான ஆவணத்தின் பெயரும் கன்செஷன் ஒப்பந்தம்தான். ஆனால் அன்றைய தமிழ்ச் செய்திகளில் அது ‘99 வருடக் குத்தகை’ என்றே வந்தது, இன்றும் மக்கள் வாயில் அதே பெயர்தான். சட்ட நுணுக்கம் தவறியிருக்கலாம். ஆனால் எவ்வளவு காலம், யாருக்கு என்ற இரண்டையும் வாசகர் உடனே கேட்டார்கள். ‘காலவரை உரிமை’ என்று போட்டிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே.

மதுரை

அனைவருக்கும் நன்றி. வந்த மடல்களில் குத்தகைக்கு ஐவர், காலவரை உரிமைக்கு இருவர், உல்குரிமைக்கு ஒருவர், ஈட்டுரிமையைத் திருச்சி ஐயாவே திரும்பப் பெற்றுவிட்டார். நிலக் குத்தகையோடு மயங்காதிருக்கப் ‘பொதுப்பணிக் குத்தகை’ என்று அச்சுக்கு எழுதுகிறேன். கட்டுவது, இயக்குவது, திருப்பித் தருவது, முடியும் ஆண்டு ஆகிய நான்கையும் முதல் பத்தியிலேயே விளக்கி, திருப்பூரையும் நொய்டாவையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கிறேன். நிறுவனத்தைக் ‘குத்தகைதாரர்’ என்று குறிக்கலாம் அல்லவா?

தஞ்சாவூர், மடல்களை வாசித்துவரும் உறுப்பினர்

அந்த ஓர் இடத்தில் மட்டும் மறுக்கிறேன் அம்மா. என் தகப்பனார் கோயில் நிலத்தில் குத்தகைதாரர். சாகுபடி செய்யும் குத்தகைதாரர், நெல்லோ பணமோ கொடுக்க வேண்டியதை ஒழுங்காகக் கொடுக்கும்வரை அவரை வெளியேற்றக் கூடாது என்பதுதான் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. அறுவடை முடிந்து கோயில் களத்தில் நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, ரசீதை மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வீடு வருவார். அந்த ரசீது இருந்தால் எவரும் எழுப்ப முடியாது என்பது அவர் நம்பிக்கை. நீங்கள் பெயர் வைக்கும் நிறுவனமோ குறித்த நாளில் எழுந்து போயே ஆக வேண்டியது. எழுப்பக் கூடாதவரின் பெயரை அதற்குக் கொடுத்தால், நாளை அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்கும். குத்தகை என்ற சொல் இருக்கட்டும், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘குத்தகைதாரர்’ என்பதற்குப் பதில் ‘ஏற்ற நிறுவனம்’ என்றாவது எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மடல் அனுப்புகிறேன்.